சொந்தக் காணியில் நித்திரை கொள்ள அனுமதி கோரல்

அனுப்புநர்:
தில்லையம்பலம் யோகராஜா,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
மே/பா திருமதி சுவர்ணா சுஜீத்,
குட்மேய்ஸ், லண்டன்.

பெறுநர்:
தலைமை உத்தியோகத்தர்,
காணிப் பயன்பாட்டு அமுலாக்கல் பிரிவு,
கிறேன்ஹர்ஸ்ட் கவுன்சில்,
லண்டன்.

பொருள்: எனது சொந்தக் காணியில், எனது சொந்த மோட்டர்ஹோமில், நானும் என் மனைவியும் நித்திரை கொள்வதைக் குற்றமாகக் கண்டு 27.10.2025 அன்று எமது வாசல் படலையில் ஒட்டப்பட்ட அறிவித்தலை மீளப்பெறக் கோரலும், ‘குடி’ என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தங்கள் அலுவலகத்தில் நேர்ந்த அநியாயத்தை முறையிடலும்.

மதிப்புக்கும் பொறுமைக்கும் உரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

1. முதற்கண், தங்கள் கவுன்சில் இரண்டு மாதத்துக்குள் எனக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் நன்றி கூறுகிறேன். நான் ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதியவர்கள் வேறு எவரும் இல்லை. என் மகள்கூட இல்லை.

2. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குத் தாங்களே காரணம். தங்கள் கடிதங்களின் அடியில் பன்னிரண்டு மொழிகளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழ் வரி, ‘நிங்கள் உங்கல் மொழியில் எலுதலாம்’ என்று அழைக்கிறது. நான்கு சொற்களில் மூன்று பிழை. மிச்சம் என்னும் தென்லண்டன் ஊரில் பதினெட்டு வருடம் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் அவற்றைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் இணைத்துள்ளேன் (இணைப்பு 1). இதற்குக் கட்டணம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. தவிர, ஆங்கிலத்தில் நான் தங்களுக்கு எழுதிய ஒரேயொரு கடிதத்தால் எனக்கு நேர்ந்த கதியைக் கீழே பந்தி 10இல் காண்பீர்கள். அதன் பிறகு அந்தப் பாஷையில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.

3. நான் இந்நகரில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன். ஒரே வழி, ஒரே திருப்பம், ஒரே சிவப்பு விளக்கு. என் மனைவி பாலாம்பிகை பாடசாலைச் சமையலறை ஒன்றில் அதே அளவு காலம் வேலை செய்தவர். அதுவரை இருபத்தேழு வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தும் அவர் பார்த்த பிரித்தானியா, மிச்சத்திலிருந்து டூட்டிங் சந்தி வரையும், கல்யாண மண்டபங்கள் இருக்கும் இடங்களும், ஆட்களை ஏற்றப் போகும் விமான நிலையமும்தான். நான் ஓய்வுபெற்ற கிழமை, “இவ்வளவு காலமும் ஊர்ச் சனத்தை ஏத்தி இறக்கினீங்கள், இனி என்னை ஏத்துங்கோ” என்றார். நியாயமான கோரிக்கை. வீட்டை விற்றோம். மிச்சத்தில் இருந்தவர்களுக்கு மிச்சம் ஏதும் இருக்காது என்று நண்பர்கள் பகிடி விடுவார்கள். எங்களுக்கு ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கவும், பிறகு ஒரு துண்டுக் காணி வாங்கவும் இருந்தது.

4. பதினான்கு மாதம் ஓடினோம். கோர்ண்வோல் கடற்கரையில் இருந்து ஸ்கொட்லாந்தின் வடக்கு முனை வரை என் மனைவி புட்டு அவிக்காத வாகனத் தரிப்பிடம் குறைவு. வேல்ஸில் ஒரு மலையடியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அந்த மூன்று நாளும் அவர் யன்னலோரம் இருந்து, வேலைக்குப் போகத் தேவையில்லாத மழையைத் தான் இப்போதுதான் முதன்முறை பார்ப்பதாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிய பிறகு கிடைத்த இளமை அது. இதைத் தங்கள் அலுவலகக் கோவைக்குத் தேவையில்லாத தகவல் என்று தாங்கள் கருதினால் வெட்டிவிடலாம்.

5. ஆனால் ஓடித்திரிகிறவனுக்கும் கால் ஆற ஒரு இடம் வேண்டும். மாரிக் குளிர் வந்தால் முகாம் தரிப்பிடங்கள் பூட்டப்படும். தெருவில் நிறுத்தினால் யன்னல் திரைக்குப் பின்னால் இருந்து பத்துக் கண்கள் பார்க்கும். மகளுக்குக் குட்மேய்ஸில் இரண்டு அறை வீடு, அதற்குள் நான்கு பேர். “அப்பா, இங்கயே இருங்கோ” என்று அவள் மனதாரத்தான் கேட்கிறாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவளுக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். ஆகவே, வருடத்தில் எட்டு மாதம் ஓடுவது, மாரி நான்கு மாதமும் சொந்தக் காணியில் நிற்பது என்று தீர்மானித்தோம். இது தங்களுக்கு ஒரு சதித்திட்டமாகத் தோன்றும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

6. காணி வாங்கியதில் நான் விட்ட பிழையை இங்கே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவன் நான்கு விடயம் பார்ப்பான்: உறுதிப் பத்திரம் சுத்தமா, எல்லை சரியா, ஒழுங்கைப் பாதை உண்டா, கிணற்றில் பங்கு உண்டா. நானும் நான்கையும் பார்த்தேன். என்னோடு பஸ் ஓட்டிய மன்னார் நண்பர் றெஜினோல்ட் கயிற்றின் ஒரு தலைப்பைப் பிடிக்க, நான் மறு தலைப்பைப் பிடித்து நான்கு எல்லையும் அளந்தோம். பக்கத்துக் காணியில் குதிரை வளர்க்கும் பெண்மணி, நாங்கள் எதையோ புதைக்க வந்திருக்கிறோம் என்ற முகத்துடன் பார்த்துக்கொண்டு நின்றார். ஒழுங்கைப் பாதைக்கு எழுத்தில் உரிமை பெற்றேன். கிணற்றுப் பங்கு பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்டபோது, நிலத்தடியில் எண்ணெய் எடுக்கும் உத்தேசம் உள்ளதா என்று அவர் எழுத்துமூலம் விளக்கம் கோரினார். எல்லாம் கேட்ட நான், என் காணியில் நான் நித்திரை கொள்ளலாமோ என்று மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் காணி இல்லாதவனுக்குத்தான் படுக்க இடமில்லை என்பார்கள்.

7. இந்தக் காணி தங்கள் வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்பட்ட பகுதிக்குள் வருகிறது என்றும், லண்டனைச் சுற்றியுள்ள பசுமையைக் காப்பது தங்கள் தலையாய கடமை என்றும் அறிந்து மகிழ்ந்தேன். நான் வாங்கியபோது அந்தப் பசுமைக்குள் பதினேழு பழைய டயர்களும், கதவில்லாத ஒரு குளிர்சாதனப் பெட்டியும், ஒரு குளியல் தொட்டியும் இருந்தன. அவை எத்தனை வருடம் அங்கே இருந்தன என்று எனக்குத் தெரியாது. அவற்றுக்கு எவரும் அறிவித்தல் ஒட்டியதாகத் தடயம் இல்லை. நானும் றெஜினோல்ட்டும் நான்கு நாள் நின்று அவற்றை அகற்றினோம். பசுமை கெட்டது அதன் பிறகுதான் போலும்.

8. அக்காணியின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு ‘மேய்ச்சல்’ எனத் தங்கள் அறிவித்தல் கூறுகிறது. குதிரை ஒன்று அங்கே வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நிற்கலாம், படுக்கலாம், நித்திரை கொள்ளலாம், குட்டி போடலாம். அதன் உரிமையாளர் அதற்குப் பக்கத்தில் தலை சாய்த்தால் அது காணிப் பயன்பாட்டு மாற்றம். எனக்கு அறுபத்தாறு வயது. இந்த வயதில் குதிரையாக மாறுவதற்கு ஏதும் விண்ணப்பப் படிவம் இருந்தால் தயவுடன் அனுப்பி வைக்கவும்.

9. இனி 03.09.2025 புதன்கிழமை நடந்ததற்கு வருகிறேன். புதிய இடத்தில் தங்கப் போகும் எவரும் நாள் பார்த்துப் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். ஐயர் காலை 6.42க்கு நேரம் குறித்தார். வாகனம் ஓடித் திரிவதால் அதற்குள் காய்ச்சினால் பலன் நிலைக்காது, மண்ணில் கல் வைத்துக் காய்ச்சுங்கள் என்றும் சொன்னார். மூன்று கல் வைத்தோம். வீட்டு வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்றபோது நான் வாகனத்தில் ஏறி, திருப்பி, கிழக்கே நிறுத்தினேன். வாஸ்து பார்த்து வீட்டைத் திருப்பிய ஒரே மனிதன் நான்தான் என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் தீர்த்தம் தெளித்தார். றெஜினோல்ட் தன் பங்குத் தேவாலயத்தில் இருந்து சிறு போத்தலில் கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரையும் தெளித்தார். இரு சமயத்து ஆசியும் பெற்ற அந்த வாகனத்துக்குக் குறைவாக இருந்தது தங்கள் பிரிவின் ஆசி மட்டும்தான்.

அதுவும் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. விருந்தினரின் கார்கள் ஒழுங்கையை மறித்தன என்ற முறைப்பாட்டின் பேரில் தங்கள் இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். கார்களை உடனே எடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். அதற்குள் என் மனைவி, “வாங்கோ தம்பி, இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்” என்று அவருக்கு உட்காரக் கதிரை போட்டுவிட்டார். அந்தத் தம்பிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வடை விளங்கியது. நான்கு சாப்பிட்டார். இங்கே என்ன நடக்கிறது என்று அவர் கேட்டபோது என் மனைவி, தனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், “ஹவுஸ் வோர்மிங்” என்றார். லண்டனில் எங்கள் சனம் எல்லோரும் பால் காய்ச்சுவதை அப்படித்தான் சொல்வோம். உத்தியோகத்தர் அதைக் கொப்பியில் எழுதினார். பிறகு பால் பானையைப் படம் எடுத்தார். மூன்று கல்லையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். படலையில் வழி காட்ட ஒட்டியிருந்த அழைப்பிதழையும் படம் எடுத்தார். அப்போது றெஜினோல்ட் என் காதுக்குள், “அண்ணை, இது ஆசைக்கு எடுக்கிற படம் மாதிரித் தெரியேல்லை” என்றார். நான் அவரை அதட்டினேன். விருந்துக்கு வந்தவரைச் சந்தேகிப்பது பண்பல்ல என்று அவருக்குப் புத்தி சொன்னது நான்தான்.

10. அந்த அழைப்பிதழில் இருந்த சொல் ‘குடிபூரல்’. கடைகளில் விற்கும் அட்டைகளில் ‘புதுமனை புகுவிழா’ என்று இருக்கும். மனை இல்லாத இடத்துக்கு அது பொருந்தாது என்பதால், யாழ்ப்பாணத்தில் வழங்கும் குடிபூரல் என்ற சொல்லையே போட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். தங்கள் அலுவலகம் அதனை மொழிபெயர்ப்புக்கு அனுப்பியது. மொழிபெயர்த்தவர் எவரோ, எந்த ஊரவரோ, ‘குடி’ என்றால் மது அருந்துதல் என்றும், ‘பூரல்’ அகராதியில் இல்லாததால் அது ‘பூரணமாக’ என்பதன் திரிபாக இருக்கலாம் என்றும் முடிவு செய்தார். விளைவாக, அனுமதிப்பத்திரம் இன்றித் திறந்த வெளியில், பொதுமக்களை அச்சிட்ட அழைப்பிதழ் மூலம் வரவழைத்து, காலை 6.42 தொடக்கம் பூரணமாக மது அருந்தும் நிகழ்ச்சி நடத்தியதற்கு விளக்கம் கோரி 15.09.2025 திகதியிட்ட கடிதம் வந்தது. ஐயர் முன்னிலையில். என் மனைவி இரண்டு நாள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் சாராயம் தொட்டறியாதவன் நான். இருபத்தாறு வருடம் மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதிச் சுத்தமென்று பெயர் எடுத்தவன்.

அன்று மாலையே மேசையில் இருந்து இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். குடி என்பது தமிழில் குடும்பம், குலம், குடியிருப்பு. குடியுரிமை அதிலிருந்து வந்தது. குடிமக்கள் அதிலிருந்து வந்தார்கள். மது அதற்குப் பிந்திய, இழிந்த பொருள். குடிபூரல் என்றால், ஒரு குடும்பம் தன் சொந்த நிலத்தில் நிலையாக வாழ்வதற்கென்று, சந்ததி சந்ததியாகத் தழைப்பதற்கென்று, மங்கல நேரத்தில் புகுதல். அந்த வாக்கியத்தை எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. தபாலில் பதிவு செய்து அனுப்பினேன்.

ஒரு கிழமையில் மதுக் குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. வருத்தமும் தெரிவித்திருந்தீர்கள். பிறகு அதே வாக்கியம், ‘உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல்’ என்ற தலைப்புடன் தங்கள் அமுலாக்கல் அறிவித்தலின் மூன்றாம் இணைப்பாகத் திரும்பி வந்தது. அதற்கு முன் இரண்டாம் இணைப்பாக, அது ஒரு ‘ஹவுஸ்’ என்றும், அங்கு ‘வோர்மிங்’ நடைபெறுகிறது என்றும் என் மனைவி நேரில் ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன்! குடிகாரனாக இருக்கச் சம்மதித்திருந்தால் எனக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். குடியானவனாக இருக்க ஆசைப்பட்டதற்குத்தான் இந்தத் தண்டனை.

11. இதற்கிடையில் தாங்கள் அனுப்பிய வினாக்கொத்தில், எங்கள் வாழ்க்கை ‘நாடோடிப் பழக்கம்’ உடையதா என ஒரு கேள்வி இருந்தது. அப்படியானால் தனி விதிகளின் கீழ் ஆராயலாம் என்றும் குறிப்பு இருந்தது. தங்கள் பெருந்தன்மை என்னைக் கண்கலங்க வைத்தது. உண்மையாகப் பதில் எழுதினேன்: 1990க்கும் 1997க்கும் இடையில் தெல்லிப்பழை, மல்லாகம், கோப்பாய், சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, பின் லண்டன். எட்டு இடம், ஏழு வருடம். ஆனால் இது பழக்கத்தால் வந்தது அல்ல, துரத்தப்பட்டதால் வந்தது என்றும் நேர்மையாகச் சேர்த்தேன். நேர்மை மறுபடி காலை வாரியது. விரும்பி அலையாதவர் நாடோடி ஆகமாட்டார், கடைசிப் பதினான்கு மாதப் பயணம் விரும்பிச் சென்றதாயினும் அது ‘ஓய்வுகாலப் பொழுதுபோக்கு’ என்று பதில் வந்தது. ஆக, அலைந்தபோது விருப்பம் இல்லை, விரும்பியபோது அது அலைச்சல் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் அடிக்கத் தெரிந்தவர் மேளக்காரர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

12. தங்கள் அறிவித்தலின்படி நாங்கள் டிசம்பர் முதலாம் திகதிக்குள் வாகனத்தை அகற்ற வேண்டும். மூன்று கற்களையும், படலையில் உள்ள தபால்பெட்டியையும் அகற்ற வேண்டும். காணியைப் ‘பழைய நிலைக்கு’ மீட்க வேண்டும். பழைய நிலைக்கு என்றால் பதினேழு டயர்களையும் தேடிக் கொண்டுவந்து போட வேண்டுமா என அறியத் தரவும். அகற்றிய பின் காணி எனக்கே சொந்தமாக இருக்கும் என்றும், நான் அங்கே பகலில் வந்து பார்க்கலாம் என்றும் அறிவித்தல் உறுதியளிக்கிறது. பகலில் கதிரையில் இருக்கும்போது கண் அயர்ந்தால், எத்தனையாவது நிமிடத்தில் இருந்து அது குடியிருப்பாகக் கணிக்கப்படும்? குறட்டை சான்றாக ஏற்கப்படுமா? மேன்முறையீட்டில் கேட்பார்கள் என்பதால் இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

13. ஐயா, அம்மணி, இதுவரை எழுதியதில் பகிடி கூடிவிட்டது என்று எனக்குத் தெரியும். இனி எழுதுவதைப் பகிடியாக எழுத என்னால் முடியவில்லை.

எமது வாகனத்தின் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு உறுதிகள் இருக்கின்றன. ஒன்று தங்கள் எல்லைக்குள் உள்ள காணிக்கு. மற்றது வலிகாமம் வடக்கில் என் மனைவிக்குத் தாய் எழுதிக் கொடுத்த சீதனக் காணிக்கு. யுத்தம் வந்து 1990 ஆனியில் அவர் வீட்டார் அங்கிருந்து எழும்பினார்கள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. காணி அங்கேதான் இருக்கிறது, முட்கம்பிக்கு அந்தப் பக்கம். உறுதியில் ஒரு குறையும் இல்லை. என் மனைவி பேரில் தெளிவாக எழுதியிருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை கம்பி வரை போனோம். அங்கே நின்ற ஆமிக்காரப் பொடியன், இது உங்கள் காணி என்று ஒருவரும் மறுக்கவில்லை, உள்ளே போகத்தான் ஏலாது என்றான். தங்கள் அறிவித்தலின் ஏழாம் பந்தியை வாசித்தபோது, அதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாக எனக்குப் பட்டது. தங்களையும் அவர்களையும் நான் ஒப்பிடவில்லை. தாங்கள் சுடும் துவக்கு கொண்டு வரவில்லை, பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம் கொண்டு வந்தீர்கள். வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நித்திரை வராத நேரத்தில் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாக உதவுவதில்லை.

14. தங்கள் அறிவித்தலின் தலைப்பில் ‘குடியிருப்போர் இருவருக்கும்’ என்று உள்ளது. அதில் ஒருவருக்கு இன்னும் விடயம் தெரியாது. அதை ஒட்டிய அன்று என் மனைவி குளித்துக்கொண்டிருந்தார். நான் கழற்றி மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். என்ன கடுதாசி என்று கேட்டார். வேலி வெட்டுவது பற்றிக் கவுன்சில் எழுதியிருக்கிறது என்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் நான் அவருக்குச் சொன்ன பெரிய பொய் அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவருக்கு முன் எழும்பி, அந்தத் தபால்பெட்டியை நான்தான் திறக்கிறேன். அவர் ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டிய பெட்டி அது.

சென்ற கிழமை அவர் தெற்கு வேலியோரம் உள்ளிப் பூடு நட்டிருக்கிறார். நான்கு வரிசை. இப்போது நட்டால் ஆடி மாதம்தான் கிளப்பலாம் என்று வீடியோ பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த வருடம் ஸ்கொட்லாந்து போனால் ஆடிக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று எனக்கு இப்போதே உத்தரவு. நான் ஓம் என்று தலையாட்டினேன். இம்மனுவையும் அவருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லி வந்து, டூட்டிங் நூலகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். ஆகவே பதிலைத் தயவுசெய்து மகளின் முகவரிக்கு அனுப்பவும். காணிக்கு அனுப்ப வேண்டாம்.

15. காணிக்குக் கையொப்பம் வைத்த அன்று, சட்டத்தரணியின் கந்தோர்ப் படியால் இறங்கும்போது, என் மனைவி என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். விலையைப் பற்றிக் கேட்கவில்லை, தண்ணீர், வெளிச்சம் பற்றிக் கேட்கவில்லை. “இனி எங்களை இஞ்ச இருந்து எழும்பச் சொல்லி ஒருத்தரும் வரமாட்டினம்தானே?” என்றார். நான், “ஓம், ஒருத்தராலும் ஏலாது. உறுதி எங்கட கையில” என்றேன். அவர் படியிலேயே நின்று மூக்கைச் சீறினார். பிறகு பஸ்ஸில் மேல்தட்டில் முன் ஆசனத்தில் இருந்து மகள் வீட்டுக்கு வந்தோம்.

ஆகவே, கீழ்க்காணும் மூன்றில் ஏதாவது ஒன்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) வருடத்தில் கார்த்திகை தொடக்கம் மாசி வரையாவது எமது ஒரு வாகனம் எமது காணியில் நிற்பதற்குத் தற்காலிக அனுமதி வழங்கல். குழாய், தூண், கொட்டில் எதுவும் கேட்கவில்லை. நான்கு சில்லு நிற்கும் இடம் மட்டும் போதும்.

(ஆ) அது முடியாவிடில், என் மேன்முறையீடு தீரும் வரையாவது அறிவித்தலை நிறுத்தி வைத்து, உள்ளி கிளப்பும் வரை எங்களை விடுதல்.

(இ) அதுவும் முடியாவிடில், சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து டிசம்பர் முதலாம் திகதி நான் வாகனத்தை வெளியே எடுப்பேன். அதில் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்கு முன் தங்கள் இளம் உத்தியோகத்தரை ஒருமுறை அனுப்பி வைக்கவும். அந்தத் தம்பி ஏன் பிறகு வரவில்லை என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார். கட்டாயம் அவருக்குக் கதிரை போடுவார், தேநீர் கொடுப்பார். குடித்து முடித்த பிறகு, நாங்கள் எழும்ப வேண்டும் என்பதை அவரே என் மனைவியிடம் சொல்லட்டும். எனக்கு வாய் வரவில்லை. அவர் ஆங்கிலத்திலேயே சொன்னால் போதும். எழும்பு என்ற சொல் என் மனைவிக்கு எந்தப் பாஷையிலும் விளங்கும்.

இடம்: டூட்டிங், லண்டன்
திகதி: 10.11.2025

தங்கள் அறிவித்தல்களுக்கு இதுவரை ஒருநாளும் பிந்தாத,

(ஒப்பம்)
தி. யோகராஜா

இணைப்புகள்:
1. திருத்தப்பட்ட தமிழ் வரி.
2. அழைப்பிதழின் மூலப்பிரதி.
3. இரு உறுதிகளின் நிழற்பிரதிகள்.